அடுப்புக்கரி வேறு, ஆஸ்பத்திரிக் கரி வேறு

(ரமளானை முன்னிட்டு மஹல்லா மக்களுக்காக நமது அறக்கட்டளையின் நலவாழ்வுக் குழு நடத்திய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



 

வழக்கமாக ரமளானுக்கு முந்தைய இந்தக் கூட்டத்தில் சர்க்கரை நோயாளிகள் நோன்பு வைப்பதைப் பற்றித்தான் பேசுவோம். இந்த முறை கரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்க வேண்டாம். நமது இலவச மருந்தகத்துக்கு வருகிறவர்கள் அண்மைக் காலமாக எங்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "கரி மாத்திரை ரொம்ப நல்லதாமே, இயற்கையானதாமே, வயிற்றில் உள்ள நஞ்சையெல்லாம் உறிஞ்சிவிடுமாமே, வாங்கிச் சாப்பிடலாமா?" வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து கேட்பவர்களும் உண்டு. கேப்ஸ்யூலின் மேலுறை ஹலாலான ஜெலட்டினா என்று கவலையோடு கேட்கிறார்கள். அந்தக் கவலை நல்லதுதான். உள்ளே இருப்பது தமக்குத் தேவையா என்றுதான் யாரும் கேட்பதில்லை.

முதலில் இது என்ன பொருள் என்று பார்த்துவிடுவோம். ஆக்டிவேட்டட் சார்கோல் என்பதைத் தமிழில் செயலூட்டிய கரி என்பார்கள். பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்கிறார்கள். நம் காங்கேயம் பக்கம் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தச் சிரட்டைக்கரி இன்னும் செயலூட்டிய கரி ஆகவில்லை. அதைத் தொழிற்சாலையில் 800 முதல் 1000 டிகிரி வெப்பத்தில் நீராவி செலுத்திப் பதப்படுத்த வேண்டும். அப்போது கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகள் உண்டாகின்றன. அத்தனை துளைகளின் சுவர்களையும் விரித்துப் போட்டால் ஒரே ஒரு கிராம் கரிக்குச் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு வரும். நம் கணக்கில் ஏறக்குறைய 25 சென்ட் நிலம். ஒரு சிட்டிகை தூளுக்குள் கால் ஏக்கர்! அந்தப் பரப்பின் மேல்தான் பல வேதிப்பொருள்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. கரி எதையும் கரைப்பதுமில்லை, முறிப்பதுமில்லை. பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடுகிறது.

அடுப்புக்கரியில் இந்தத் துளைகள் மிகக் குறைவு. கருகிய ரொட்டியில் இல்லவே இல்லை. ஒரு காலத்தில் முதலுதவிக் குறிப்புகளில் கருகிய ரொட்டி, கடுந்தேநீர் இரண்டையும் சேர்த்து விஷ முறிவாகச் சொல்லி வந்தார்கள். அது பயனற்றது என்று கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பகூர் புகைக்க வட்ட வட்டமாகக் கரி வில்லை வைத்திருக்கிறோம் அல்லவா? தீக்குச்சி காட்டியதும் பொரிந்து பற்றிக்கொள்ளும் வகை அது. அப்படிப் பற்றுவதற்காக அதில் வெடியுப்பு போன்ற ரசாயனம் கலக்கிறார்கள். "கரிதானே" என்று அதை இடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கலாமா என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். கேட்டதற்கு அல்லாஹ் அவருக்கு நற்கூலி தரட்டும். கேட்காமல் கொடுப்பவர்களை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

செயலூட்டிய கரி உண்மையான மருந்து. அதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் விஷ முறிவு மருந்துகளின் வரிசையில் அது இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் தூளாகவோ கரைசலாகவோ வைத்திருப்பார்கள். சில வகை விஷங்களுக்கு, விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நல்ல பலன் உண்டு. நேரம் போகப் போகப் பலன் குறையும். ஏனென்றால் வயிற்றிலும் குடலிலும் இருப்பதைத்தான் கரியால் பிடிக்க முடியும். ரத்தத்தில் கலந்துவிட்டதை, ஒருசில மருந்துகளைத் தவிர, அதனால் திரும்ப இழுக்க முடியாது.

அளவையும் கவனியுங்கள். பெரியவருக்கு 50 கிராம் அளவில் கொடுப்பார்கள். குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம். கடையில் விற்கும் கேப்ஸ்யூலில் 250 மில்லிகிராம் இருந்தால் 50 கிராமுக்கு எத்தனை வேண்டும்? 200 கேப்ஸ்யூல்! பத்துக் கிலோ குழந்தைக்கு 40. "வீட்டில் ஓர் அட்டை வாங்கி வைத்திருக்கிறோம், பிள்ளை எதையாவது விழுங்கினால் கொடுத்துவிடலாம்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

விஷத்தைப் பற்றிப் பிறகு வருகிறோம். தினசரி நடக்கும் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் கணிப்பில் நம் மஹல்லாவில் அதிகம் பேரைப் பாதிக்கக்கூடியது அதுதான்.

கரிக்கு ஆள் பார்க்கத் தெரியாது. இது விஷம், இது டாக்டர் கொடுத்த மாத்திரை என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. எது பக்கத்தில் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமசெபைன், இதயத்துக்கான டிகாக்சின், சர்க்கரை மாத்திரைகளில் பல, காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் எல்லாவற்றையும் பிடிக்கும். தைராய்டு மாத்திரைக்கும் கருத்தடை மாத்திரைக்கும் இதே எச்சரிக்கைதான். மாத்திரையை விழுங்கியிருப்பீர்கள், அட்டையில் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் மருந்து ரத்தத்துக்குப் போயே இருக்காது. சர்க்கரை ஏறும், வலிப்பு திரும்ப வரும். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். கரியை நிறுத்திய பிறகு அந்தக் கூட்டிய அளவு முழுவதும் உடம்பில் ஏறும். கரி சாப்பிட்ட செய்தியை நாம் டாக்டரிடம் சொல்லவே மாட்டோம், அதை மருந்தாகவே எண்ணாததால்.

அதனால்தான் கரிக்கும் மற்ற மருந்துக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும் என்கிறார்கள். மற்ற மாதங்களில் அது சாத்தியம். ரமளானை யோசித்துப் பாருங்கள். நோன்பு திறந்து கஞ்சி, வடை, சமோசா, அதன் பிறகு சாப்பாடு. தராவீஹுக்கு நிற்கும்போது வயிறு உப்பி நிற்கிறது. "வாயுவுக்கு நல்லது" என்று யாரோ சொன்ன கரி மாத்திரையை வீட்டுக்கு வந்து போடுகிறோம், அல்லது ஸஹரில் போடுகிறோம். அதே ஸஹரில்தான் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, தைராய்டு மாத்திரை எல்லாமே. ஸஹர் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது இரண்டு மணி நேர இடைவெளிக்கு எங்கே போவது? நோன்பு காலத்தில் மருந்து நேரத்தை இரண்டு வேளைக்குள் அடக்குவதே டாக்டர்களுக்கு ஒரு கலை. அந்த ஏற்பாட்டின் நடுவே கரியை நுழைத்தால் எல்லாம் கலைந்துவிடும். ஆகவே தினசரி மாத்திரை சாப்பிடும் ஒருவர் ரமளானில் கரி மாத்திரை பக்கமே போகக் கூடாது என்பது எங்கள் குழுவின் அறிவுரை.

வாயுவுக்கு அது கேட்குமா என்றால், கொஞ்சம் கேட்கலாம். ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் இதை ஆராய்ந்து, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு ஒரு கிராமும் சாப்பிட்டதும் ஒரு கிராமும் எடுத்தால் வயிற்று வாயு குறைய உதவும் என்று ஏற்றுக்கொண்டது. வேறு மருந்து எதுவும் எடுக்காத திடகாத்திரமான ஆள் எப்போதாவது எடுப்பதில் நாங்கள் சண்டைக்கு வரவில்லை. எண்ணெய்ப் பலகாரத்தில் இரண்டைக் குறைத்தால் அதே பலன் செலவில்லாமல் கிடைக்கும். அதையும் சொல்லிவிடுகிறோம், வீட்டுக்கார அம்மாக்கள் எங்களைக் கோபிக்க வேண்டாம்.

கரி சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், மலச்சிக்கல் வரும். இரைப்பையில் புண்ணாகி ரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்பாகத்தான் போகும். இதயத்துக்கு ஆஸ்பிரின் போடும் பெரியவர் ஒருவருக்குக் கறுப்பாகப் போனால், "கரி சாப்பிட்டதால்தான்" என்று வீட்டில் சும்மா இருந்துவிடும் ஆபத்து உண்டு.

அடுத்தது 'டீடாக்ஸ்'. உடம்பின் அழுக்கை வெளியேற்றுகிறதாம். கறுப்பு ஜூஸ், கறுப்பு ஐஸ்கிரீம் என்று பெருநகரங்களில் விற்கிறார்கள். நியூயார்க் நகரத்தில் 2018-இல் சுகாதாரத் துறையே உணவகங்களில் இதைச் சேர்க்கக் கூடாது என்று நிறுத்தியது. ரத்தத்தைச் சுத்தம் செய்ய அல்லாஹ் நமக்கு ஈரலையும் இரண்டு சிறுநீரகங்களையும் தந்திருக்கிறான். குடலோடு போகிற கரி அந்த வேலையைச் செய்யாது.

சிறுநீரகம் என்றதும் ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமது அறக்கட்டளை டயாலிசிஸ் உதவி வழங்கும் குடும்பங்களில் சிலர், "கரி சாப்பிட்டால் டயாலிசிஸ் தள்ளிப்போகுமாமே" என்று நம்பிக்கையோடு கேட்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. ஜப்பானில் சிறுநீரக நோயாளிகளுக்காகத் தயாரித்த தனி வகைக் கரி மருந்து ஒன்று 1991 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் பல நாடுகளில் சுமார் இரண்டாயிரம் நோயாளிகளிடம் அதைச் சோதித்து 2015-இல் வெளியிட்ட முடிவு, வழக்கமான சிகிச்சையோடு அதைச் சேர்த்ததால் நோயின் போக்கு மாறவில்லை என்பதே. அதுவும் மருந்துத் தரத்தில் செய்த கரி. பெயர் தெரியாத டப்பாவை நம்பி ஒரு டயாலிசிஸைக்கூடத் தவறவிடாதீர்கள். பண நெருக்கடி என்றால் எங்களிடம் வாருங்கள், பேசுவோம்.

பல் விளக்குவது பற்றியும் கேட்டார்கள். நம் பெத்தும்மாமார்கள் உமிக்கரியில் பல் விளக்கினார்கள், உண்மை. அது தேய்த்து வெளுக்கும், கூடவே பல்லின் மேற்பூச்சையும் தேய்க்கும். கரிப் பற்பசை பல்லுக்கு மேலான நன்மை செய்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை. மிஸ்வாக் இருக்க நமக்கு என்ன குறை? பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்குக் கரி வேண்டாம். ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஜிங்க் மாத்திரையும்தான். இரண்டும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

இப்போது விஷத்துக்கு வருவோம். தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

நம் வீடுகளில் குழந்தைகள் எட்டக்கூடிய விஷங்கள் எவை? குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், கழிப்பறை கழுவும் ஆசிட், பெத்தும்மாவின் தலையணைக்கடியில் இருக்கும் மாத்திரைகள், கர்ப்பிணி ராத்தாவுக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள். இவற்றில் மண்ணெண்ணெய்க்குக் கரி பயன்படாது. ஆசிட்டுக்கும் பயன்படாது. இரும்பைக் கரி பிடிக்காது. பெத்தும்மாவின் மாத்திரைகளில் பலவற்றைப் பிடிக்கும், ஆனால் அதையும் ஆஸ்பத்திரியில்தான் கொடுக்க வேண்டும். மயக்கத்திலோ அரைத் தூக்கத்திலோ இருக்கும் பிள்ளையின் வாயில் கரிக்கரைசலை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்றில் மருந்தாக இருப்பது நுரையீரலில் உயிருக்கே ஆபத்தாகும். மூச்சுப்பாதை பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மருத்துவர்களும் கொடுப்பார்கள்.

உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் இதே வகைதான். மண்ணெண்ணெய் உள்ளே போனதைவிட, வாந்தியாகத் திரும்பும்போது நுரையீரலில் இறங்குவதுதான் பெரிய கேடு. ஆசிட் இறங்கும்போது சுட்ட தொண்டையை ஏறும்போது மறுபடியும் சுடும்.

கரி மருத்துவர் கையிலும் கூட எல்லா நேரமும் வெல்வதில்லை. இலங்கையில் மஞ்சள் அலரி விதை சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் அதிகம் என்பதால் இந்த ஆராய்ச்சி அங்கேதான் பெரிய அளவில் நடந்தது. 2003-இல் வெளியான ஆய்வில் 401 நோயாளிகள். கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தவர்களில் 5 பேரும், ஒரு முறை மட்டும் கொடுத்தவர்களில் 16 பேரும் இறந்தார்கள். எவ்வளவு பெரிய வித்தியாசம்! ஆனால் 2008-இல், பூச்சிமருந்து உட்படப் பலவகை விஷம் அருந்திய 4,632 பேரிடம் நடத்திய இன்னும் பெரிய ஆய்வில் கரி கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அவர்களில் பலர் விஷம் உட்கொண்டு சில மணி நேரம் கழித்தே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்கள். வீட்டில் கழிந்த அந்த நேரத்தை எந்தக் கரியாலும் திரும்பக் கொடுக்க முடியாது.

அந்த நேரம் நம் வீடுகளில் எப்படிக் கழிகிறது என்பதை மறைக்காமல் பேசுவோம். பிள்ளை தெரியாமல் குடித்தால் ஓடுகிறோம். வளர்ந்த மகனோ மருமகளோ தெரிந்தே எதையாவது விழுங்கிவிட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். மானம் போகும், ஜமாஅத்துக்குத் தெரியும், போலீஸ் கேஸ் ஆகும், நாளைக்குத் தங்கச்சிக்கு வரன் வராது. அதனால் வீட்டிலேயே ஏதாவது கொடுத்துப் பார்ப்போம் என்று உட்காருகிறோம். முன்பு முட்டை வெள்ளைக்கரு. இப்போது செல்போனில் பார்த்த கரி. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "வயிற்று வலி" என்று சொல்கிறோம்.

சட்டம் மாறியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, இப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தருவதை அரசின் கடமையாகவும் ஆக்கியிருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆவது பிரிவு இல்லை. ஆஸ்பத்திரியில் பதிவு செய்வார்கள், போலீஸார் வந்து விசாரித்து எழுதிக்கொள்ளலாம். அது நடைமுறை. ஆனால் போலீஸ் வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

உயிரை மாய்த்துக்கொள்வது ஹராம் என்பது நம்மில் எல்லோருக்கும் தெரியும். விழுங்கியவருக்கும் தெரியும். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது பயான் அல்ல, 108. அவர் பிழைத்து வந்த பிறகு தெருவில் யாரும் அதைக் கிளற வேண்டாம். அவர் மனதுக்கும் சிகிச்சை வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும். வீட்டில் யாராவது சோர்ந்து ஒதுங்கியிருந்தால், எதுவும் நடக்கும் முன்பே அந்த எண்ணை அழையுங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. "நல்லாத்தானே இருக்கிறான், கரி கொடுத்ததும் சரியாகிவிட்டது" என்று தோன்றும். பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவர் முதல் நாள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருப்பார். எலி பேஸ்ட் உள்ளே போனவரும் அப்படியே. இரண்டு மூன்று நாளில் கண் மஞ்சளாகி ஈரல் செயலிழக்கும். பாராசிட்டமாலுக்குத் தனி முறிவு மருந்து உண்டு, எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்ல பலன் தரும். நன்றாக இருக்கிறார் என்று வீட்டில் வைத்திருந்தால் அந்த எட்டு மணி நேரமும் போய்விடும்.

ஆகவே பெரியவரோ சிறியவரோ, என்ன விழுங்கினாலும் 108-ஐ அழையுங்கள். பாட்டில், அட்டை, இலை, விதை எதுவானாலும் மிச்சத்தைக் கையோடு எடுத்து வாருங்கள். எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து உடம்பில் சிந்தியிருந்தால் துணியைக் கழற்றித் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மயக்கமாக இருந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அதோடு, மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவர் அதனால் வரும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்பதும் நம் ஃபிக்ஹ் சட்டத்தில் பழையது. வாட்ஸ்அப்பில் வந்த கரி வைத்தியத்தை அடுத்த குழுவுக்கு அனுப்பும் இளைஞர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்விச் சீட்டு வந்திருக்கிறது. "வீட்டுத் தண்ணீர் ஃபில்டரிலும் இதே கரிதானே இருக்கிறது, அதுவும் ஆபத்தா?" இல்லை. அங்கே கரி குழாய்க்குள் இருக்கிறது, நம் வயிற்றில் இல்லை. குளோரின் வாடையையும் சில ரசாயனங்களையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கரி மட்டும் உள்ள ஃபில்டர் கிருமியைக் கொல்லாது. காலத்தில் மாற்றாவிட்டால் அதிலேயே கிருமி வளரும். மாற்ற வேண்டிய தேதியை ஃபில்டர் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

அஸர் பாங்குக்கு நேரமாகிவிட்டது. தொழுகைக்குப் பிறகு எங்கள் மருந்தாளர் மருந்தகத்தில் இருப்பார். தினசரி மாத்திரை எடுப்பவர்கள் எல்லா அட்டைகளையும் கொண்டு வாருங்கள். கரி, லேகியம், பொடி என்று தனியாக வாங்கிச் சாப்பிடுவதையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். உங்கள் டாக்டரிடம் ரமளானுக்கு எந்த மாத்திரையை எந்த வேளைக்கு மாற்ற வேண்டும் என்று கேட்பதற்கான சீட்டை எழுதித் தருவார். பெண்களுக்குப் பின்வாசலில் தனி வரிசை இருக்கிறது.